லிஃப்ட் கீழே போகிறது

பதினாறு பாகம், மூன்று வட்டு.
பங்களாதேஷ் சந்தையில், கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில்
முப்பது ராண்டுக்கு வாங்கியது.
இரண்டாம் வட்டில் கீறல்.
ஒன்பதாம் பாகத்தில் இன்ஸ்பெக்டர்
அரை நிமிடம் சதுரம் சதுரமாய் உடைந்து
மறுபடி கூடுவார்.
எனக்கு அதுவும் கதையில் சேர்த்தி.

கதை இதுதான்:
எப்போதும் மழை பெய்யும் ஏதோ ஓர் இங்கிலாந்து ஊர்.
காவல் நிலைய லிஃப்டில் ஏறுகிறார்,
தரைத்தளம் அழுத்துகிறார்,
கதவு திறந்தால் எழுபத்துமூன்று.
மேசைக்கு மேசை சிகரெட் புகை.
கைப்பேசியைத் தேடிச் சட்டைப்பையைத்
தட்டித் தட்டிப் பார்ப்பார், பாவம்.
திரும்பிப் போக வழி தெரியாது.
தெரியும்வரை வேலை பார்ப்பார்.

"இன்னுமா? கொன்றது யாரென்று
நம் வீட்டு நாய்க்கே தெரியும்"
என்பார் குணசீலன்.
மட்டன் கறி எப்படி இருக்கும் என்று தெரிந்துதானே
ஞாயிறுதோறும் தட்டை நீட்டுகிறீர்கள்
என்பேன்.

ஆனால் அது முழு பதில் இல்லை.

சாட்ஸ்வொர்த் காவல் நிலையத்தில்
பழைய கோப்பு அறை என் பொறுப்பு. இருபத்தாறு வருடம்.
எங்களுக்கு லிஃப்ட் இல்லை, பதினோரு படி,
ஏழாவது ஆடும்.
கீழே ஆஃப்ரிகான்ஸில் எழுதி மூடிய வழக்குகள்.
பாதியைக் கரையான் விசாரித்து முடித்துவிட்டது.
அதில் ஒன்று, ஜனவரி 1973.
இந்திய ஆண், வயது இருபத்துநான்கு,
நடந்து வந்தவர், லாரி, எண் தெரியவில்லை.
பெயரை இரண்டு இடத்தில் இரண்டு விதமாய் எழுதியிருக்கிறார்கள்,
இரண்டும் தப்பு.
சபாபதி. என் அப்பா.
ஆலைகளெல்லாம் வேலைநிறுத்தம் என்று
மொபெனியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.
நான் பிறக்க இன்னும் மூன்று மாதம்.
கோப்பின் உள்ளே ஒரே தாள்.
அட்டைதான் கனம்.

அந்த லிஃப்ட் இங்கே இறங்கியிருந்தால்?
வெள்ளைக்காரர் லிஃப்டா, சாமான் லிஃப்டா என்று
முதலில் கேட்டிருப்பார்கள்.
அவருக்கு நாற்காலி கிடைத்திருக்கும்.
நான் இறங்கினால் கையில் துடைப்பம்தான்;
இந்த அறையின் சாவி
என் இடுப்புக்கு வந்திருக்காது.
ஊருக்கு டிவி வரவே இன்னும் மூன்று வருடம்.
அவர் வந்துபோனதை
யார் பார்த்திருப்போம்?

பதினோராம் பாகம்.
சலவைக் கடைக்குப் பின்னால், ஆறு நாற்பதுக்கு,
அந்தப் பெண் சாகப்போகிறாள்.
வருங்காலத்திலிருந்து வந்தவர், அவருக்குத் தெரியும்.
ஓடுகிறார்.
ஒரு நிமிடம் பிந்துகிறார்.
பத்தொன்பது தடவை பார்த்துவிட்டேன்,
பத்தொன்பது தடவையும் ஒரே நிமிடம்தான்.
ஆனாலும் அவர் தெருமுனை திரும்பும்போது
என் கால் தரையை உந்துகிறது.
குணசீலன்கூட, பேப்பர் படிக்கிற பாவனையில்,
சோபாவின் விளிம்புக்கு வந்துவிடுகிறார்.

போன செவ்வாய், அவர் தெருமுனை திரும்ப
லோட் ஷெடிங்.
திரை கறுத்தது.
யூனிட் மூன்று முழுக்க நாய்கள்.
படையாச்சி வீட்டு ஜெனரேட்டர் இருமி இருமிக் கிளம்பியது.
இரண்டு பேரும் மெழுகுவர்த்தி தேடவில்லை.
வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்:
"இப்போது எங்கே இருப்பான்?"
"ஓடிக்கொண்டிருக்கிறார்" என்றேன்.
"இன்னும் ஆறு நாற்பது ஆகவில்லை."
இரண்டரை மணி நேரம்
ஆகவில்லை.

கரண்ட் வந்ததும் முதலில் ஃபிரிட்ஜ் முனகியது.
நிறுத்திய இடம் மறந்துபோய்
வட்டு முதலிலிருந்து சுற்றியது.
மழை.
காவல் நிலையம்.
கையில் காபிக் கோப்பை, தோளில் ஈரம்,
ஒன்றும் அறியாதவராய்
லிஃப்டுக்குக் காத்து நிற்கிறார்.

காலை ஆறுக்கு எனக்கு ஷிஃப்ட்.
குணசீலன் நகர்ந்து இடம் விட்டார்.